கொதிகலன் அறையின் கதவு

ஃபுஜைரா துறைமுகத்தில் கிளிட்டஸ் கப்பலேறியபோது, மேல்தட்டில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். நரைத்த தாடி புதிது. ஆனால் அந்தத் தோள்களையும், இடது புருவத்துக்கு மேலிருந்த வெட்டுத் தழும்பையும் கிளிட்டஸால் எங்கே வைத்தும் அடையாளம் காண முடியும். தேவசுந்தரம். குமரிக் கடற்கரையில் இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவே ஒரு தெருதான் உண்டு.

கிளிட்டஸ் நேராக டைவிங் சூப்பர்வைசர் பன்னீர்செல்வத்தின் கேபினுக்குப் போனான்.

"சார், அந்த ஆள எங்க பிடிச்சிய?"

"யாரு, தேவசுந்தரமா? நம்ம டெண்டர் ஒருத்தன் லீவுல போயிட்டான். ருவைஸ்ல ஒரு காண்ட்ராக்ட் முடிஞ்சு சும்மா இருந்தாரு. கடல் தெரிஞ்ச ஆளு. ஏன், உங்க ஊர்க்காரர்தானே?"

"அந்த ஆளு என் லைனப் பிடிக்கக் கூடாது சார்."

பன்னீர்செல்வம் இந்தியக் கடற்படையில் இருபது வருஷம் முக்குளித்தவர். விழுப்புரத்துக்காரர். ஒருவன் இப்படிச் சொல்கிறான் என்றால் அதில் விளையாட்டு இருக்காது என்பது அவருக்குத் தெரியும். கடலுக்கடியில் வேலை செய்பவனுக்கு மூச்சும் வெளிச்சமும் பேச்சும் ஒரே தடித்த லைன் வழியாகத்தான் போகின்றன. மேலே நின்று அதைப் பிடித்து, வேண்டும்போது விட்டு, வேண்டும்போது இழுப்பவன்தான் டெண்டர். பிடிக்கிற கையில் நம்பிக்கை இல்லையென்றால் எவனும் தண்ணீரில் இறங்க மாட்டான்.

"காரணம் கேக்கலப்பா," என்றார். "உன் லைன இன்னொரு டெண்டர், அந்த நேபாளிப் பையன் பிடிக்கட்டும். உன்கூட இறங்குற துஷாந்தனோடத தேவசுந்தரம் பிடிக்கட்டும். இந்த ஒரு வேலை முடியிற வரைக்கும் பொறுத்துக்க."

காரணம் ஊருக்கே தெரியும். ஒக்கிப் புயலின்போது கிளிட்டஸின் அப்பாவுடைய படகு நடுக்கடலில் எஞ்சின் நின்று கிடந்தது. தேவசுந்தரம் தன் படகிலிருந்து கயிறு கட்டி அதை இழுத்துக்கொண்டு வந்தார். கரை சேர்ந்தது ஒரு படகு மட்டும். அப்பாவும் அவரோடிருந்த இரண்டு பேரும் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. தேவசுந்தரத்தின் படகில் மிச்சமிருந்த கயிற்றைப் பார்த்தவர்கள், அது அறுந்த கயிறில்லை, கத்தியால் வெட்டிய கயிறு என்றார்கள். அதற்குப் பிறகு ஊரில் யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. கோயிலில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. ஒரு நாள் அவர் வளைகுடாவுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகுதான் கிளிட்டஸின் அம்மா தங்கபுஷ்பம் தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்தாள்.

மறுநாள் காலை கப்பல் துறைமுகத்தைவிட்டு வெளியேறியது. நங்கூரமிட்டு நின்ற டேங்கர்களின் வரிசையைத் தாண்டினார்கள். பின்னால் மலைகள் புழுதி நிறத்தில் தேய்ந்துகொண்டே வந்தன. கரை முழுக்க மறைவதற்குள் கடல்மேல் எண்ணெய் மினுங்கத் தொடங்கியது. சூரியன் பட்ட இடத்தில் மயில்கழுத்து நிறத்தில் மெல்லிய படலம். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் இஃப்பத். இந்த வேலையைக் கொடுத்தவர்கள் அனுப்பியிருந்த சுற்றுச்சூழல் அதிகாரி. பெற்றோர் காயல்பட்டினத்துக்காரர்கள், அவள் பிறந்து வளர்ந்தது துபாயில்.

டைவர்களை மெஸ்ஸில் உட்காரவைத்து அவள்தான் கடலடியில் மூழ்கிக் கிடக்கிற கப்பலைப் பற்றிச் சொன்னாள்.

"பேரு லார்ன்ஹில். ஆயில் டேங்கர். நாப்பத்தி மூணுல, வேர்ல்ட் வார் டைம்ல, அபாதான்லேர்ந்து பாம்பேக்கு ஃபர்னஸ் ஆயில் ஏத்திட்டுப் போனது. ஜெர்மன் சப்மரீன் ஒண்ணு டார்ப்பிடோ அடிச்சு மூழ்கடிச்சிருச்சு. இத்தனை வருஷமும் அந்த ஆயில் உள்ளேயே இருந்திருக்கு. இப்ப இரும்பு துருப்பிடிச்சு லீக் ஆகுது. கடல் தண்ணிய குடிதண்ணியா மாத்துற பிளான்ட்டோட வாய் இங்கேர்ந்து தூரமில்ல. டேங்க் மொத்தமா உடைஞ்சா அத மூடணும். அப்புறம் கரையில குடிக்கத் தண்ணி இல்ல."

"அடிச்ச நீர்மூழ்கி என்னாச்சு?" என்று கேட்டான் துஷாந்தன். யாழ்ப்பாணத்துக் குருநகர் பையன். கிளிட்டஸோடு மூன்றாண்டுகளாகச் சேர்ந்து முக்குளிப்பவன். துபாயில் அல் கூஸ் கேம்பில் இருவருக்கும் ஒரே ரூம்.

"அடுத்த மாசமே ஒரு பிளேன் குண்டு போட்டு அதையும் மூழ்கடிச்சிட்டாங்க. அதுல இருந்தவங்களும் இந்தக் கடல்லதான் எங்கயோ இருக்காங்க."

கடைசி மேசையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த தேவசுந்தரம் யாரையும் பார்க்காமல் சொன்னார்: "அவியளும் உள்ள அடபட்டுத்தான் கெடப்பாவ."

கிளிட்டஸ் திரும்பவில்லை. "இந்தக் கப்பல்ல செத்தவங்க யாரு?" என்று இஃப்பத்தைக் கேட்டான்.

"நிறைய பேர் போட்ல தப்பிச்சாங்க. பாய்லர் ரூம்ல வேலை செஞ்சவங்க மட்டும் வெளிய வரல. ஆபிசர்ஸ் பேரெல்லாம் எனக்குக் கிடைச்சுது. இவங்க பேரு கிடைக்கல. 'நேட்டிவ் க்ரூ'ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிருக்காங்க. சிலெட், கோவா, மலபார்... எங்கேர்ந்து வேணாலும் வந்திருக்கலாம். நம்ம பக்கத்து ஆளுங்களா கூட இருக்கலாம்."

கப்பல் நாற்பது மீட்டர் ஆழத்தில் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கசிகிற தொட்டி அந்தப் பக்கத்தில், மணலில் பாதி புதைந்திருந்தது. வெளியிலிருந்து அதை நெருங்க வழியில்லை. வலப்பக்கத்தில் டார்ப்பிடோ கிழித்த ஓட்டை வழியாக ஒரு நடைவழிக்குள் நுழைந்து, கொதிகலன் அறையைக் கடந்து, அதற்கப்பால் இருக்கும் தொட்டிச் சுவரில் துளையிட்டுக் குழாய் பொருத்த வேண்டும். எண்ணெயை மேலே உறிஞ்சி எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

முதல் இறக்கத்தில் கிளிட்டஸும் துஷாந்தனும் போனார்கள். பச்சை நிறம் கறுத்துக்கொண்டே வந்து, கடைசியில் தலைக்கவசத்தின் விளக்கு மட்டும் மிஞ்சியது. கப்பல் ஒரு குன்றுபோல எழுந்து வந்தது. எங்கும் அறுந்த வலைகள், கிளைகிளையாகப் பவளம், கொத்துக்கொத்தாகச் சிப்பி. டார்ப்பிடோ புகுந்த இடத்தில் கனத்த இரும்புத் தகடு வாழையிலை கிழிந்ததுபோல உள்பக்கமாக மடிந்திருந்தது. ஒரு பெரிய களவா மீன் அதிலிருந்து வெளிவந்து, அவர்களை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது.

துஷாந்தன் ஓட்டையின் வாயில் நின்று லைனைக் கொடுக்க, கிளிட்டஸ் உள்ளே நுழைந்தான். இடுப்பளவு சேறு. ஒவ்வோர் அசைவுக்கும் அது புகைபோலக் கிளம்பியது. நடைவழியின் முடிவில் ஒரு கதவு.

"சார், கதவு கண்டாச்சு. இரும்புக் கதவு. கொண்டி போட்டிருக்கு." கொஞ்சம் நிறுத்தினான். "வெளிப்பக்கம் குறுக்க ஒரு கம்பி இருக்கு சார். கொண்டிக்குள்ள செருகி வச்சிருக்கு."

மேலே பன்னீர்செல்வம் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். சேற்றுப் புகையில் கம்பியின் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தது. "சரி. கட்டர் வச்சு நறுக்கு. கதவ முழுசாத் திறக்காத. முதல்ல கேமரா உள்ள போகட்டும்."

கம்பியையும் கொண்டியையும் சேர்த்து நறுக்கினான். கதவு அசைய மறுத்தது. பிறகு ஒரேயடியாக முனகிக்கொண்டு ஒரு முழம் திறந்தது. கிளிட்டஸ் விளக்கை உள்ளே காட்டினான்.

கதவுக்குப் பின்னாலேயே அவர்கள் கிடந்தார்கள். சேற்றின் மேல் மண்டையோடுகள். ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்த கைகால் எலும்புகள். ஒரு தோல் செருப்பின் அடிப்பாகம். எனாமல் குவளை ஒன்று, வெள்ளையும் நீலமுமாக, நேற்று வாங்கியதுபோல. எல்லாருமே கதவை நோக்கி வந்தவர்கள்.

"கிளிட்டஸ்." பன்னீர்செல்வத்தின் குரல் காதில் மெதுவாக வந்தது. "பாத்துட்டேன். எதையும் தொடாத. மேல வா."

உடம்பிலுள்ள அழுத்தம் இறங்க இருவரும் அழுத்த அறைக்குள் அடைந்து கிடந்தார்கள். வெளியே வந்து தட்டில் சோற்றை வாங்கிய பிறகுதான் துஷாந்தனுக்குக் கோபம் வந்தது.

"பூட்டிப்போட்டு ஓடியிருக்கிறாங்கள் அண்ணை. உள்ளுக்கை சனம் நிக்கிறது தெரிஞ்சுதானே கம்பி போட்டிருக்கிறாங்கள்? இவங்கள் மனிசரே?"

"அப்படி ஒரு பழக்கம் உண்டுப்பா," என்றார் பன்னீர்செல்வம். "நேவில எங்களுக்கே சொல்லித் தருவாங்க. தண்ணி ஒரு அறைக்குள்ள வந்துச்சுன்னா அந்தக் கதவ மூடித்தான் ஆகணும். இல்லன்னா கப்பலே போயிடும். உள்ள யாருன்னு பாத்துட்டு நிக்க முடியாது."

"அப்பிடியெண்டா, மூடினவர் போட்டிலை ஏறித் தப்பிட்டார். அப்பிடித்தானே?"

கிளிட்டஸ் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். குரல் தேவையில்லாமல் உரத்து வந்தது.

"வெளிய நிக்கவனுக்கு என்ன? கதவ பூட்டுவான். கயித்த வெட்டுவான். பொறவு கரைக்கு வந்து கதை சொல்லுவான்."

கடைசி மேசையில் தேவசுந்தரத்தின் கை தட்டிலேயே நின்றது. அவர் எழுந்து, மிச்சச் சோற்றைக் கொட்டிவிட்டு, தட்டைக் கழுவி வைத்து, வெளியே போனார். நடை தளரவில்லை. அதுதான் கிளிட்டஸுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

இஃப்பத் கரையிலுள்ள அதிகாரிகளோடு நெடுநேரம் போனில் பேசினாள். எலும்புகளை மேலே கொண்டுவர வேண்டாம், கப்பலுக்குள்ளேயே மரியாதையாக ஓர் ஓரத்துக்கு மாற்றிவைத்துவிட்டு வேலையைத் தொடரலாம் என்று அனுமதி வந்தது. குழாய் போகும் பாதையில் அவர்கள் கிடந்தார்கள். மாற்றாமல் முடியாது.

"கான்வாஸ் துணி இருக்கா?" என்று கேட்டாள் இஃப்பத். "பிளாஸ்டிக் வேணாம்."

இரண்டாவது இறக்கத்தில் கதவின் வெளிப்பக்கத்துச் சேற்றை உறிஞ்சிக் கதவை முழுதாகத் திறக்கும் வேலை கிளிட்டஸுக்கு. உறிஞ்சு குழாயின் வாய் சேற்றைக் குடிக்கக் குடிக்கத் தண்ணீர் தெளிந்தது. கதவடியில் ஏதோ வெளுப்பாகத் தென்பட்டது. குழாயை நிறுத்தினான். கையால் சேற்றை விலக்கினான்.

விலா எலும்புகள். தோள்பட்டை. கதவில் முகம் வைத்துச் சாய்ந்ததுபோல ஒரு மண்டையோடு.

"சார்... வெளியவும் ஒரு ஆள் இருக்கு."

"என்ன சொல்ற?"

"கதவுக்கு வெளிய. நம்ம பக்கம். இந்த ஆளு ஓடிப் போவல்ல சார்."

பன்னீர்செல்வம் திரையை நெருங்கிக் குனிந்தார். பிறகு, "அந்தக் கம்பிய நறுக்கினியே, மிச்சத் துண்டு கொண்டியில இருக்கா? கிட்ட காட்டு," என்றார்.

கிளிட்டஸ் விளக்கை நெருக்கினான். நேற்றுச் சேற்றில் தெரியாதது இன்று தெரிந்தது. அது கம்பியே இல்லை. குழாய். கொண்டியின் குறுக்கே செருகப்படவில்லை. கொண்டியின் கைப்பிடிக்கு மேல் உறைபோல மாட்டப்பட்டிருந்தது. நெம்புவதற்குக் கை நீளம் போதாதபோது கப்பலாட்கள் செய்கிற வேலை அது. குழாய் வளைந்திருந்தது, திறக்கிற திசையில். அவன் மற்றக் கொண்டிகளைத் தடவிப் பார்த்தான். சிப்பி மூடியிருந்தாலும் எல்லாம் திறந்த நிலையில்தான் இருந்தன. இந்த ஒன்று மட்டும் சட்டத்தோடு முறுகி இறுகியிருந்தது.

"டார்ப்பிடோ அதிர்ச்சியில கதவு நெளிஞ்சிருக்கு," என்றார் பன்னீர்செல்வம். அவர் குரல் மாறியிருந்தது. "மத்ததெல்லாம் திறந்துட்டான். இந்த ஒண்ணு வரல. குழாயப் போட்டு நெம்பியிருக்கான். தண்ணி ஏற ஏற நெம்பியிருக்கான்யா."

கிளிட்டஸ் அங்கேயே மண்டியிட்டு நின்றான். அந்த மனிதனுக்குப் பின்னால் ஓட்டை இருந்தது. பத்தடி நடந்தால் ஏணி. மேலே போட். உள்ளேயிருந்து அவர்கள் தட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். இவன் காதில் அது விழுந்திருக்கும். பூட்டிவிட்டு ஓடியவன் என்று நேற்று முழுவதும் தாங்கள் திட்டியது இவனைத்தான்.

"கிளிட்டஸ், மூச்சு வேகமா இருக்கு. நிதானம். டைம் ஆச்சு, மேல வா."

அன்று மாலை பன்னீர்செல்வம் முந்தைய நாளின் பதிவைத் திரையில் ஓடவிட்டார். எல்லாரும் கூடி நின்று பார்த்தார்கள். நேற்றுப் பார்த்த அதே காட்சிதான். இப்போது பார்த்தால் குழாய் குழாயாகவே தெரிந்தது, வளைவும் தெரிந்தது. துஷாந்தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். "நான் என்னென்னவோ சொல்லிப்போட்டன்," என்றான்.

கூட்டத்துக்குப் பின்னால், கதவருகே தேவசுந்தரம் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் இறங்குவதற்கு உடுத்திக்கொண்டிருந்தபோது கிளிட்டஸ் பன்னீர்செல்வத்திடம் சொன்னான்: "சார், எனக்க லைன அவரு பிடிக்கட்டும்."

"யாரு?"

"தேவசுந்தரம்."

பன்னீர்செல்வம் அவன் முகத்தை ஒருமுறை பார்த்தார். "யல்லா, போய்க் கூப்பிடு," என்று நேபாளிப் பையனை அனுப்பினார்.

தேவசுந்தரம் வந்து லைனைக் கையில் எடுத்தார். ஒரு சுருளைப் பிரித்தார். இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். கிளிட்டஸின் தலைக்கவசத்தின் பின்பூட்டை இரண்டு முறை இழுத்துச் சரிபார்த்தார். தண்ணீருக்குள் போன பிறகு கிளிட்டஸுக்கு லைனின் போக்கு தெரிந்தது. தளர்வும் இல்லை, இழுப்பும் இல்லை. அவன் நகர நினைக்கும் அளவுக்குச் சரியாக அது வந்துகொண்டேயிருந்தது.

கொதிகலன் அறையின் மூலையில் உடைந்த கொதிகலனுக்குப் பின்னால் சேறு படியாத ஒரு மேடை இருந்தது. கிளிட்டஸும் துஷாந்தனும் கான்வாஸை விரித்து, ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார்கள். எந்த எலும்பு யாருடையது என்று பிரிக்க வழியில்லை. எனாமல் குவளையையும் கூடவே வைத்தார்கள். கடைசியாக வெளியே கிடந்தவனைத் துணியில் ஏந்தி, கதவு வழியாக உள்ளே கொண்டுவந்தான் கிளிட்டஸ். மற்றவர்களுக்கு நடுவே வைத்தான். நடுவில்தான் வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது.

"சார், வச்சாச்சு."

மேலே எல்லாரும் கப்பல் தட்டில் கூடியிருந்தார்கள். செத்தவர்கள் எந்த மதம் என்று யாருக்கும் தெரியாது. இஃப்பத் தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு ஃபாத்திஹா ஓதினாள். அந்தக் குரல் ஒலிபெருக்கி வழியாக நாற்பது மீட்டர் கீழே இருவர் காதிலும் கேட்டது. அவள் முடித்ததும் பன்னீர்செல்வம் கேட்டார்: "உங்க பக்கம் யாராச்சும் சொல்லுங்கப்பா."

பிறகு தேவசுந்தரத்தின் குரல் வந்தது. லைனை விடாமலே சொன்னார்போலும், மூச்சு வாங்கியது. "ஆண்டவரே, கடல்ல மரிச்ச எல்லா ஆத்துமாக்களுக்கும் நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும். கெடச்சவியளுக்கும், கெடைக்காதவியளுக்கும்."

கிளிட்டஸ் தண்ணீருக்குள், தலைக்கவசத்துக்குள் அழுதான். துடைக்கக் கை போகாத இடம். கண்ணீர் உதட்டுக்கு இறங்கி உப்புக் கரித்தது.

அடுத்த நாட்களில் தொட்டிச் சுவரில் வால்வு பொருத்தித் துளையிட்டார்கள். தாரைப்போலக் கெட்டிப்பட்டிருந்த எண்ணெயை, சூடேற்றிய தண்ணீரை உள்ளே செலுத்தி இளக வைத்து, மேலே உறிஞ்சினார்கள். கறுப்பாக, கொழகொழவென்று, நாற்றத்தோடு அது வந்தது. போரில் எரிவதற்காகக் கிளம்பிய எண்ணெய். கப்பல் தட்டில் ஒரு சொட்டு விழுந்தால் தேய்த்துத் தேய்த்தும் போகவில்லை. இஃப்பத் தினமும் கடல்மேல் பார்த்தாள். மினுங்கல் சுருங்கிக்கொண்டே வந்து, ஒரு நாள் காலை இல்லாமல் போனது.

கடைசி இறக்கத்தில் கருவிகளை எல்லாம் வெளியே எடுத்த பிறகு பன்னீர்செல்வம் கேட்டார்: "கலாஸ், முடிஞ்சுது. கதவ என்ன பண்றது? மூடிட்டு வர்றியா?"

"வேண்டாம் சார். தெறந்தே கெடக்கட்டும்."

"சரிதான்," என்றார் அவர்.

கப்பல் ஃபுஜைராவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிற்பகலில், தேவசுந்தரம் பின்தட்டின் நிழலில் உட்கார்ந்து லைன்களை நன்னீரில் கழுவிச் சுருட்டிக்கொண்டிருந்தார். கிளிட்டஸ் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு முனையை எடுத்துத் துடைக்கத் தொடங்கினான்.

"நீ ஒண்ணும் கேக்கலியே மக்கா," என்றார் தேவசுந்தரம்.

"கேக்கதுக்கு இல்ல."

"நீ கேக்காட்டாலும் நான் சொல்லணும்." அவர் சுருட்டுவதை நிறுத்தவில்லை. "கயிறு அறுந்தது அறுந்ததுதான். அலை ஒண்ணு பனை ஒயரத்துக்கு வந்துது. படவு ரெண்டும் ரெண்டு பக்கமா போச்சு, கயிறு பொட்டுச்சு. பொட்டுன கயிறு எனக்க புரொப்பல்லர்ல சுத்திக்கிட்டு. எஞ்சின் நின்னு போச்சு. கத்தி வச்சு வெட்டினது அதத்தான். ஊருக்காரன் கண்டது அந்த வெட்டு."

"இத ஊர்ல சொல்லல்லியா?"

"சொன்னேன். எனக்க மோனும் சொன்னான். கேக்க ஆளில்ல." லைனை ஒருமுறை உதறினார். "எஞ்சின் கெளம்புனதும் திரும்பிப் போனேன். ஒரு தடவ போனேன் மக்கா. மழையில ஒண்ணும் தெரியல்ல. கூப்பிட்டுப் பாத்தேன். ரெண்டாவது தடவ போவல்ல. எனக்க மோனும் வேற ரெண்டு பயலுவளும் படவுல கெடந்து அழுது கரையானுவ. அவனுவளுக்கு வேண்டி நான் கரைய பாத்து திருப்பிட்டேன்." சுருளைக் கீழே வைத்தார். "அந்தக் குழாய பாத்த அன்னைக்கு எனக்கு ஒறக்கம் வரல்ல. அந்த மனுசன் விட்டுட்டுப் போவல்ல. நான் போனேன்."

கிளிட்டஸ் நெடுநேரம் துணியால் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். எத்தனையோ வருஷமாக இந்த ஆளிடம் கேட்க அவன் மனத்தில் கோர்த்துவைத்திருந்த கேள்விகள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை.

"அந்த மனுசனுக்கு முதுகுக்குப் பின்னால பயலுவ யாரும் இருக்கல்ல, சித்தப்பா," என்றான்.

சின்ன வயதில் கூப்பிட்ட முறை. தானாக வந்துவிட்டது. தேவசுந்தரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கரை நெருங்கி போனில் சிக்னல் வந்ததும் கிளிட்டஸ் அம்மாவைக் கூப்பிட்டான். தங்கபுஷ்பம் எப்போதும்போலச் சாப்பிட்டியா என்று கேட்டாள். அவன் கப்பலைப் பற்றியும் கதவைப் பற்றியும் சொன்னான். அவள் நடுவில் பேசாமல் கேட்டாள். பிறகு அவன் சொன்னான்:

"அம்மா, பக்கத்துல தேவசுந்தரம் சித்தப்பா இருக்காவ."

மறுமுனையில் ஒன்றும் இல்லை. வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தான். வைக்கவில்லை. கோழி கொக்கரிக்கும் சத்தமும் தூரத்தில் கடலும் கேட்டன.

"குடு," என்றாள்.

தேவசுந்தரம் ஈரக் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் போனை வாங்கினார். "மைனி," என்று அண்ணிமுறை சொல்லிக் கூப்பிட்டார். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டேயிருந்தார். அவள் திட்டுகிறாளா, அழுகிறாளா என்று கிளிட்டஸுக்குத் தெரியவில்லை. தேவசுந்தரத்தின் உதடுகள் மட்டும் அசைந்தன. கடைசியில் அவர் கண்ணை மூடிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"ஆமா மைனி, நான்தான் கடைசியா கண்டேன்... இல்ல, பயந்தது மாதிரி இல்ல. சிரிச்சாவ. காலத்த விடிஞ்சதும் மழை கொஞ்சம் விட்டப்போ கட்டஞ்சாயா போட்டு, ரெண்டு படவும் அடுத்து வந்த நேரம் ஒரு சொம்பு எங்களுக்கும் நீட்டினாவ... நீல சட்டை. ஆமா, கைமுட்டு கிழிஞ்ச சட்டைதான்... ஒங்கள பத்தியா? சொன்னாவ மைனி. சொல்லுதேன்."

அப்பாவோடு கடைசியாகப் பேசிய மனிதர் இவர்தான். அந்த நாளைப் பற்றி இவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை என்பது கிளிட்டஸுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் நகர்ந்து, அவர் தோளோடு தோள் ஒட்ட உட்கார்ந்து, கேட்கத் தொடங்கினான்.